கையளவு லோகோவுக்குள் ஒரு ஆல்கோ

ஊமை லோகோவை இனி என்னால் ஓட்டவே முடியாது. என் ஆல்கோ ஆர்.எஸ்.டி-15 எச்.ஓ. அளவு மாடல். நிஜ வண்டியில் 87-ல் ஒரு பங்கு, ஓடுவது 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில். அந்த லோகோவுக்குள், போனின் கட்டளையை வாங்கி மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் ப்ளூடூத் சவுண்டு டிகோடர் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து, வீட்டிலுள்ள மற்ற லோகோக்கள் வெறும் அலமாரி அலங்காரமாகத் தெரிகின்றன. இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட அதிகமாக என்னைச் சந்தோஷப்படுத்திய பொருள் வேறெதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

முதலில் எதற்குச் சத்தம் கொடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. ஆர்.எஸ்.டி-15 அமெரிக்காவில் 1950-களின் பிற்பகுதியில் வந்த டீசல். நியூயார்க் மாகாணத்து ஸ்கெனெக்டடியில் ஆல்கோ கம்பெனி கட்டியது, 2,400 குதிரைத்திறன். சாண்டா ஃபே ரயில்வேயின் தாழ்ந்து நீண்ட மூக்கு வண்டிகளை அங்குள்ள ரசிகர்கள் 'அலிகேட்டர்' என்பார்கள். அதன் வயிற்றில் இருப்பது 16 சிலிண்டர் 251 எஞ்சின். அதே ஆல்கோவிடமிருந்து 1962-ல் இந்தியாவுக்கு வந்து, 1964 முதல் வாரணாசியில் உருவான நம் டபிள்யூ.டி.எம்-2 டீசல் லோகோவுக்கும் அதே 251தான் உயிர். மூன்று அச்சுகள் சமமில்லாத இடைவெளியில் நிற்கும் போகிகூட அதே குடும்பத்துச் சாயல். பொன்மலை டீசல் ஷெட்டின் இரைச்சலில் தூங்கி எழுந்து வளர்ந்தவன் நான். அமெரிக்க வண்ணத்தில் நிற்கும் இந்த லோகோ, குரலில் எனக்கு ஊர்க்காரன்.

ரயிலுக்குள்ளிருந்தே சத்தம் வரவேண்டும் என்பது பழைய ஆசை. 1935-லேயே பொம்மை ரயில் செய்யும் லயனல் கம்பெனி, நீராவி எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டருக்குள் ஒரு சின்ன மோட்டாரையும் காற்றாடியையும் வைத்து விசில் ஊத வைத்தது. தண்டவாளத்தில் ஓடும் ஏ.சி. மின்சாரத்தின்மேல் கொஞ்சம் டி.சி.யை ஏற்றினால் உள்ளேயிருக்கும் ரிலே இழுத்துக்கொள்ளும், விசில் கிளம்பும். என்ன அழகான யோசனை! பல வருடங்கள் கழித்து டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை வந்தது. அதில் கட்டளையும் மின்சாரமும் சேர்ந்தே தண்டவாளத்தில் போகும், ஆனால் கட்டளை அனுப்பத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். கொலராடோ மாகாணத்து டுராங்கோவில் இருக்கும் சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனத்தின் ப்ளூநாமி டிகோடர் அந்தப் பெட்டியையே தேவையில்லாமல் செய்துவிட்டது. தண்டவாளத்தில் மாறாத டி.சி. வோல்டேஜ் இருந்தால் போதும். கட்டளை போனிலிருந்து நேராக லோகோவுக்குப் போகிறது. என் மேசைக்கு அடியில் ஒரு வயரைக்கூட மாற்றவில்லை.

உள்ளே பொருத்துகிற வேலை இருக்கிறதே, அதுவே ஒரு தனி ஆனந்தம். வயர்களின் நிறங்களுக்கு எல்லாரும் பின்பற்றும் ஒரே ஒழுங்கு உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பாசிட்டிவ். இந்த டிகோடரில் ஊதா இரண்டும் ஸ்பீக்கருக்கு. கவனம் வேண்டிய இடம் மோட்டார். அதன் இரண்டு முனைகளும் உலோகச் சட்டத்தைத் தொடாமல் முழுக்கத் தனித்திருக்க வேண்டும். தொட்டால் டிகோடர் போய்விடும். மீட்டரால் பார்த்துவிட்டு, பிறகு காப்டான் டேப். உடல் பிளாஸ்டிக் என்பதால் ப்ளூடூத் அலை தாராளமாக வெளியே வருகிறது. பித்தளை உடலாக இருந்தால் அது அலையைத் தடுத்திருக்கும். மேலே கிடந்த ஈய எடையை மட்டும் கொஞ்சம் அறுத்து டிகோடருக்கு இடம் செய்தேன்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 11-க்கு 15 மில்லிமீட்டர், 8 ஓம், செல்போனுக்காகப் பிறந்த வகை. மாடல்காரர்கள் இதைச் சர்க்கரைக் கட்டி என்கிறார்கள். இதை வெறுமனே கையில் பிடித்து ஒலிக்கவிட்டால் கொசு ரீங்காரம்தான். முன்பக்க அலையைப் பின்பக்க அலை தின்றுவிடும். பின்பக்கத்தை ஒரு சின்னப் பெட்டியால் காற்றுப் புகாமல் அடைத்தால் போதும், அதே பொருளுக்கு நெஞ்சு வந்துவிடுகிறது!

கணக்குப் போட்டால் வியப்பு இன்னும் கூடுகிறது. 251 ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக், 16 சிலிண்டர் என்றால் நொடிக்குச் சுமார் 53 வெடிப்பு. 53 ஹெர்ட்ஸ் ஒலியை இந்தக் குட்டி ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. ஆனாலும் காதுக்கு ஏமாற்றமில்லை. அந்த ஒலியின் மடங்குகளாக மேலே எழும் அதிர்வுகள் கேட்டால் போதும், கீழே இல்லாத ஆதாரச் சுருதியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை.

இனி ஓட்டம். டிகோடரில் ஆல்கோ எஞ்சின்களுக்கென்றே தனிப் பதிப்பு இருக்கிறது. 251-ஐத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால், மெதுவாக இருமி, பிடித்து, அந்தத் தடுமாறும் ஐடிலில் வந்து நிற்கிறது. ஒரே சீராக ஓடாத, சற்று நொண்டும் அந்தத் தாளம்தான் ஆல்கோவின் கையெழுத்து. பிறகு த்ராட்டில் படிகளான நாட்ச் ஒவ்வொன்றாக ஏற ஏற, எட்டாவதில் நிஜ எஞ்சின் 1,000 சுற்றைத் தொடும். இடையில் டர்போ சார்ஜர் பின்தங்கி வந்து சேரும் அந்த ஊளை! நிஜ வண்டியில் டீசல் முதலில் பாய்ந்துவிடும், காற்று பிறகுதான் வரும். ஆல்கோ கிளம்பும்போது கரும்புகை கக்குவது அதனால்தான். சத்தத்திலேயே அந்தப் புகை எனக்குத் தெரிகிறது. பிரேக் கிறீச்சிடுவது, கம்ப்ரஸர் தட்டுவது, ஹார்ன், மணி எல்லாம் உண்டு. எனக்கு அவையெல்லாம் இந்த எஞ்சினுக்குப் பிறகுதான்.

ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து அறையிலிருந்து ஓட்டிக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், "டேய், டர்போ புடிக்குது பார்றா… யார்ரா உள்ள ஆல்கோவ ஏத்துனது?" என்றார். எழுந்து போய்ப் பார்த்தபின், போனைப் பிடுங்கிக்கொண்டவர் இரவுச் சாப்பாடு வரை தரவில்லை.

வயர்லெஸ் ஆனதில் ஒரு பெரிய லாபம் உண்டு. எவ்வளவு துடைத்தாலும் தண்டவாளத்தில் அழுக்கு சேரும், தண்டவாளம் பிரியும் பாயின்ட்டைத் தாண்டும்போது சக்கரம் ஒரு கணம் தொடர்பை இழக்கும். டி.சி.சி.யில் மின்சாரமும் கட்டளையும் ஒரே நேரத்தில் அறுந்துபோகும். இங்கே கட்டளை காற்றில் வருகிறது. மின்சார இடைவெளியை நிரப்ப டிகோடரோடு ஒரு கெபாசிட்டர் தொகுதியைச் சேர்த்துவிட்டேன். பாயின்ட் மேல் ஊர்ந்து போகும்போதும் ஐடில் ஒரு துளி விக்குவதில்லை. யாராவது இந்த வேலையில் இறங்கினால் அந்தக் கெபாசிட்டரை மட்டும் தவிர்க்க வேண்டாம். இடம் போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஈயத்தை அறுக்கலாம். ஒலி அளவையும் கடையிலிருந்து வந்தபடி விட வேண்டாம், பாதிக்கும் கீழே இறக்குங்கள். எட்டடி தள்ளி நின்றால் மங்கலாகவும், குனிந்தால் அதிரவும் வேண்டும். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்படித்தான் கேட்டிருக்கிறோம்.

ரயிலோடு நடக்க முடிவதுதான் எனக்கு உச்சம். போன் கையில், நான் வண்டியோடு அறை முழுக்கச் சுற்றுகிறேன். வளைவில் ரயில் அந்தப் பக்கம் போகும்போது சத்தமும் கூடவே போகிறது, திரும்பி வரும்போது கூடவே வருகிறது. மேசைக்கடியில் எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் இது கிடைக்காது.

அடுத்த ஆர்.எஸ்.டி-15-க்கு டிகோடர் ஆர்டர் போட்டாகிவிட்டது. இரண்டையும் கோத்து ஒரே சரக்கு வண்டியை இழுக்க வைக்கப் போகிறேன். இரண்டு 251 ஒரே வேகத்தில் சுழலாமல் சற்றே முன்பின் ஓடினால், இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் வவ்வவ் என்று ஒரு அலை எழும்பும். பொன்மலையில் ஜோடி லோகோ நிற்கும்போது ஜன்னல் கண்ணாடியில் அதை உணர்ந்திருக்கிறேன். ஒன்றுக்கு ஐடிலைக் கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டும், எவ்வளவு என்பதைச் சித்தப்பாவே காதால் சொல்லட்டும்.