உயிர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

பங்குனியில் பெரிய மாரியம்மன் பூக்குழிக்குத் திருவில்லிபுத்தூர் திரும்பும் பிள்ளைகளில் சிலர் இப்போது பையில் இருபது முகப் பகடையும் கொண்டுவருகிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தின் வழி வந்த பழக்கம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பேசுவார்கள். வாள் வீச்சு பட்டதா, மந்திரம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவருக்கு எப்போதும் தலைவலி வில்லன்தான். அதிலும் பிணங்களை ஏவி ஆளும் மந்திரவாதி என்றால், என்னென்ன சக்தி கொடுப்பது என்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். நம் மரபில் இதற்கு வழி உண்டா என்று எழுதச் சொன்னார்கள் இந்த மலரின் குழுவினர். உண்டு. சக்திப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, அவனுக்கு என்ன கட்டு என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் கட்டு கடுமையானது. செத்தவரை முழுதாக எழுப்பித் தருவது நம்மிடம் வில்லனுக்கு உரிய வேலையே அல்ல. மயிலையில் சிவநேசர் குடத்தில் சேர்த்துவைத்த எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பியவர் சம்பந்தர். பாம்பு தீண்டிய அப்பூதியடிகளின் மகனை எழுப்பியவர் அப்பர். அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனை மீட்டவர் சுந்தரர். சைவர்கள் மட்டுமா? நம்மூர்ப் பெரியாழ்வாரும், கடலில் மாண்டுபோன குருவின் மகனைக் கண்ணன் மீட்டு வந்ததைத் திருவரங்கப் பதிகத்தில் பாடியிருக்கிறார். எலும்பும் குடமும் சுடலையும் மந்திரவாதியின் தளவாடம் என்று வெளிநாட்டுக் கதைகள் நினைக்கும் இடத்தில், இங்கே அடியார்கள் நிற்கிறார்கள்.

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போய்க் கதவையே சாத்திவிடுகிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில், கையில் தலையோடு கூத்தாடும் பேயைக் கண்டு நடுங்கி ஓடிவந்த சார்ங்கலன் தாய் முன்னே உயிர் விடுகிறான். தாய் கோதமை சம்பாபதியிடம் முறையிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தா என்கிறாள். தெய்வம் மறுக்கிறது. மறுத்ததோடு நிற்காமல், சக்கரவாளத்துத் தேவர்களையெல்லாம் வரவழைத்து அவள் முன் நிறுத்தி, இவர்களில் யாராலும் முடியாது என்று காட்டுகிறது. பௌத்தக் காப்பியத்துக்கு அது கொள்கை. ஆட்டம் நடத்துபவருக்கோ கையில் கிடைத்த விதி. கூட ஆடுபவரின் வேடம் செத்துப்போனால் நாலு பொற்காசு கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம் என்ற வசதியை எடுத்துவிட்டாலே, மந்திரவாதியின் மேல் பாதி பயம் தானாக வந்துவிடும்.

அசுரர் படையையே எழுப்பிய சுக்கிராச்சாரியார் இதற்கு விலக்கு. அவருடைய மிருதசஞ்சீவினி மந்திரம்தான் பிணப்படை நடத்தும் மேலைநாட்டு மந்திரவாதிக்கு நம்மிடம் உள்ள நேர் இணை. ஆனால் கதை அந்த மந்திரத்தின் பெருமையைச் சொல்வதைவிட அதன் ஓட்டையைத்தான் ஆற அமரச் சொல்கிறது. மந்திரம் கற்க வந்த கசனைக் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகிறார்கள் அசுரர்கள். வயிற்றுக்குள் இருப்பவனை எழுப்பினால் குரு சாக வேண்டும். எழுப்பாவிட்டால் அவன்மேல் ஆசை வைத்த மகள் தேவயானி தாங்கமாட்டாள். ஆகவே வயிற்றுக்குள் இருப்பவனுக்கே மந்திரத்தைக் கற்றுக்கொடுத்து, வயிற்றைக் கிழித்து வெளியே வரச் செய்து, அவன் வாயாலேயே தான் பிழைத்துக்கொள்கிறார். ரகசியம் கைமாறிவிட்டது. சக்தியைக் குறைக்காமலே வில்லனைத் தோற்கடிக்கும் வித்தை இது.

ஏவல் என்ற வகையில் எனக்குப் பிடித்தது வில்லிபாரதத்தின் நச்சுப்பொய்கைச் சருக்கம். வில்லிபுத்தூராருக்கு நம்மூர்ப் பெயர் இருந்தாலும் ஊர் சனியூர் என்பார்கள். பெரியாழ்வார் மேலிருந்த பக்தியால் வைத்த பெயர். ஆனாலும் இந்த மலரில் அவரை விட்டுக்கொடுக்க முடியுமா? வனவாசம் முடியப்போகும் நேரத்தில் துரியோதனன் காளமாமுனிவரைக் கொண்டு அபிசார வேள்வி செய்விக்கிறான். தீயிலிருந்து ஒரு பூதம் எழுகிறது. பாண்டவரைக் கொன்று வா என்று முனிவர் ஏவுகிறார். பூதம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் நச்சுப்பொய்கைக் கரையில் பிணம்போல் கிடக்கிறார்கள். செத்தவர்களைக் கொல்லவா என்னை அனுப்பினாய் என்ற சினத்தில் திரும்பிய பூதம், ஏவிய முனிவரையே கொன்றுவிடுகிறது. பாண்டவர் பக்கத்தில் ஒருவரும் வில்லில் நாணேற்றவில்லை. ஏவிய வேலை நடக்காவிட்டால் ஏவியவன் கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இதை ஆட்டத்தில் அப்படியே வைக்கலாம். அமெரிக்க ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பிலும் இதன் நிழல் உண்டு: எழுப்பிய எலும்புக்கூடு 24 மணி நேரம்தான் சொன்னபடி கேட்கும், அதற்குள் மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் எஜமானை மதிக்காது. பெரும்பாலான ஆட்டக் குழுக்களில் இந்தக் கெடுவை யாரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். வில்லனைத் தூங்கவிடாமல் அலைக்கழிக்கும் வீரர்களுக்கு அது பெரிய ஆயுதம்.

தென்மாவட்ட வில்லுப்பாட்டில் வரும் சுடலைமாடன் கதை ஏவலின் விலையை இன்னும் கொடூரமாகச் சொல்லும். மாடனைக் குடத்தில் அடைக்கப் பார்க்கும் மலையாள நாட்டு மந்திரவாதி, அதற்கு ஈடாகச் சூலியான சொந்த மகளையே பலி கொடுக்கிறான். கொடுத்தும் தப்பவில்லை. நள்ளிரவு தாண்டி, வில்லுக்கட்டும் உடுக்கும் வேகமெடுக்கும் நேரத்தில் இதைக் கேட்டவர்களுக்கு, மந்திரவாதியிடம் இடி மின்னல் எதுவும் வேண்டியதில்லை என்பது புரியும். அவன் எதைக் கொடுக்கத் துணிந்தான் என்பதில்தான் அச்சம் இருக்கிறது.

பொய்த்தோற்றம் காட்டும் வகைக்குச் செயங்கொண்டாரிடம் போக வேண்டும். கலிங்கத்துப்பரணியில் இந்திரசாலம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. இமயத்திலிருந்து வந்த முதுபேய் தான் கற்ற வித்தையைக் காளி முன் காட்டுகிறது. அறுபட்ட யானைத் துண்டங்களும் குருதி ஆறும் எங்கும் தோன்ற, பசியால் வாடிய பேய்க்கூட்டம் அள்ளிக் குடிக்கப் பாய்ந்து, வெறும் நிலத்தில் விழுந்து, வெறும் வாயை மென்று திண்டாடுகிறது. நிறுத்தச் சொல்லி அவை காளியிடம் ஓலமிடுகின்றன. பேய்களுக்கே பேய்க்காட்சி காட்டி ஏமாற்றும் இந்தக் குறும்பு வேறெங்கும் நான் பார்க்காதது. பிணப்படையில் பாதியைப் பொய்யாக வைத்தால் வீரர்கள் அம்பையும் மந்திரத்தையும் வீணாக்குவார்கள் என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

உயிரை ஒளித்துவைக்கும் வகைதான் உலகெங்கும் செல்லுபடியாகும் நாணயம். தோல்பாவைக்கூத்தில் மயில்ராவணன் இராம இலக்குவரைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போய்க் காளிக்குப் பலியிடப் பார்ப்பான். அனுமன் எத்தனை முறை அடித்தாலும் சாகமாட்டான். அவன் உயிர் வண்டுகளாகப் பெட்டிக்குள் இருக்கிறது. ருசியக் கதையின் கோஷேய்க்கு உயிர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். டன்ஜன்ஸ் ஆட்டத்தின் ‘லிச்’ என்ற சாகா மந்திரவாதியும் ஒரு பேழையை நம்பித்தான் இருக்கிறான். நம் கதையின் தரம் எங்கே உயர்கிறதென்றால், ரகசியம் வீட்டுக்குள்ளிருந்தே வெளிவருகிறது. மயில்ராவணனின் தங்கை, தன் மகனைச் சிறையிலிருந்து காக்க, வண்டுப் பெட்டியைக் காட்டிக்கொடுக்கிறாள். பெட்டியைக் குகையில் புதைத்து வரைபடம் தருவதைவிட, அதை அறிந்த ஒரு மனக்குறைக்காரரைக் கதைக்குள் உலவவிடுவது நல்லது. வீரர்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள்.

கூடுவிட்டுக் கூடு பாய்வது, சித்தர் மலையான சதுரகிரி அடிவாரத்துக்காரர்களுக்குப் பழகிய பேச்சு. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறக்க, கதறும் பசுக்களுக்கு இரங்கி அவன் உடலில் புகுந்த திருமூலருக்குத் திரும்பிப் போகத் தன் பழைய உடல் கிடைக்கவில்லை. விக்கிரமாதித்தன் கிளியின் உடலில் புகுந்த நேரத்தில், கூட வந்தவன் அரசனின் உடலில் ஏறிக்கொள்கிறான். கழற்றிவைத்த உடலுக்கு யார் காவல் என்ற கேள்வியில்தான் இந்தச் சக்தியின் கட்டு இருக்கிறது.

சினிமா இந்தக் கட்டுகளை ஒருகாலம் வரை காப்பாற்றியது. 1951இல் வந்த பாதாள பைரவியில் எஸ்.வி. ரங்கராவின் நேபாள மந்திரவாதியைச் செத்த பிறகும் சீடன் சஞ்சீவி மூலிகையால் எழுப்பிவிடுகிறான். தாடி போனதும் மந்திரவாதியின் சக்தி போய்விடுகிறது. ரங்கராவ் பேசுகிற நிதானத்திலேயே மிரட்டிவிடுவார். பின்னால் வந்த மாயாஜாலப் படங்கள் பலவற்றில் விரலிலிருந்து தீ வந்தது, கண்ணிலிருந்து தீ வந்தது, ஏன் முன் காட்சியிலேயே வரவில்லை என்றுதான் தெரியவில்லை.

சஞ்சீவி மலை என்று பெயர் சொல்லிக்கொள்ள இராஜபாளையத்தில் ஒரு குன்றே இருக்கும்போது, இங்கே ஆடுகிறவர்கள் கதைக்களத்தைத் தேடி வடக்கே போக வேண்டியதில்லை. வில்லனாக வேதாளக் கதையின் யோகியை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், சங்கர் வரைந்த, பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் அரசனின் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆனால் முடிவைப் பலர் மறந்துவிட்டார்கள். பேசாமல் பிணத்தைக் கொண்டுவா என்று அனுப்பிய யோகிக்கு அரசனின் தலையே கடைசிப் பலி. அதை அரசனுக்குச் சொல்வது பிணத்துக்குள் இருக்கும் வேதாளம். சாஷ்டாங்கமாக விழச் சொன்னால், எனக்கு விழுந்து பழக்கமில்லை, நீரே செய்து காட்டும் என்று சொல் என்கிறது. யோகி விழுந்து காட்டுகிறான். அரசன் வாளை இறக்குகிறான். ஆகவே வில்லன் ஏவும் பிணங்களில் ஒன்றுக்காவது வாய் இருக்கட்டும். நடத்துபவரே அதற்குக் குரல் கொடுத்து, வீரர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வைக்கட்டும்.