தண்ணி வராது, அதை மட்டும் சொல்லலாம்: ‘காற்றின் மொழி’யும் வேலூர்க் காலைகளும்

ராதாமோகனின் ‘காற்றின் மொழி’ 2018 நவம்பரில் வந்தது. அப்போது நான் வேலூரில் ஒரு தனியார் பண்பலையில் காலை நிகழ்ச்சித் தயாரிப்பாளர். எங்க ஸ்டேஷன்லேர்ந்து மொத்தமாகப் போய்ப் படம் பார்த்தோம். எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒன்று உறுத்தியது. இன்னமும் உறுத்துகிறது.

கதை தெரிந்ததுதான். இந்தியில் வித்யா பாலன் நடித்த ‘தும்ஹாரி சுலு’வின் மறுஆக்கம். ஜோதிகா நடிக்கும் இல்லத்தரசி வானொலிக்குள் நுழைந்து இரவு நிகழ்ச்சி நடத்துகிறார். முகம் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள். அவர் பொறுமையாகக் கேட்கிறார். படத்தின் பலமே அந்தக் கேட்டல்தான். வானொலியை வெறும் வாய்வீச்சாகக் காட்டாமல், காது கொடுக்கும் வேலையாகக் காட்டியதற்கு ராதாமோகனுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் படத்தில் போன் அடிக்கிறது, குரல் நேராகக் காற்றில் ஏறிவிடுகிறது. நடுவில் யாரும் இல்லை. அந்த நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான்.

‘நேரலை’ என்று நீங்கள் கேட்கும் போன் உரையாடல்களில் பெரும்பாலானவை சில நிமிடம் பழையவை. ஒரு பாட்டு ஓடும்போது போனை எடுப்போம். ஆர்ஜே பேசுவார், பதிவாகும். பாட்டு முடிவதற்குள் மூன்று நிமிடப் பேச்சை நாற்பது நொடியாக வெட்டியாகவேண்டும். திணறல், இருமல், பின்னால் கத்தும் குக்கர், எதிர்பாராமல் வந்த அழுகை எல்லாம் போகும். மிஞ்சுவது ஒரு சிரிப்பு, ஒரு ஊர்ப்பேர், ஒரு பாட்டு. கெட்டவார்த்தை வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அது வேறு எதையெல்லாம் தடுத்தது என்பதுதான் விஷயம்.

எங்கள் காலை நேயர்கள் யார்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் கிளம்புகிறவர்கள். அதில் பெண்கள் ஏராளம். அவர்களுக்கு நாங்கள் முதலில் கடிகாரம், அப்புறம்தான் பாட்டு. ‘மணி ஏழு பத்து’ என்று ஆர்ஜே சொன்னால் எங்கோ ஒரு வீட்டில் டிபன் பாக்ஸ் மூடப்படும். கம்பெனி பஸ் யாருக்கும் காத்திராது. நேரம் சொல்லும் வரியை மட்டும் நான் ஒருநாளும் வெட்டியதில்லை.

இன்னொரு பக்கம் சட்டம். இந்தியாவில் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை சிலவற்றைச் ‘செய்தி அல்ல’ என்று ஒதுக்கி அனுமதித்தது: போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு. உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர் பற்றிய அறிவிப்புகளும் அதில் உண்டு. அதாவது, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்லலாம். வந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு நேயர் சொன்னால்? அது செய்தியா, புலம்பலா? தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் வெட்டு என்பதே எங்கள் பழக்கம்.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். “எப்பிடி இருக்கீங்க அக்கா?” என்றார் ஆர்ஜே. “நல்லா கீறேண்ணா. எங்க போர்ல தண்ணி மட்டும் வாயில வெக்க முடியல. சொன்னா யாரு கேக்கறா? நானே ஷூ கம்பெனிலதான் வேல பாக்கறேன்,” என்று சிரித்தார். பிறகு தன் லைனில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு பாட்டு கேட்டார். நான் சிரிப்பை வைத்துக்கொண்டேன். பாட்டை வைத்துக்கொண்டேன். தண்ணீரை வெட்டினேன். யாரும் வெட்டச் சொல்லவில்லை. மேலே யாரையும் கேட்கவும் இல்லை. பாட்டு முடிய இன்னும் ஐம்பது நொடி இருந்தது. நேரமில்லை என்றுகூடச் சொல்ல முடியாது.

அவர் சொன்னது ஒன்றும் ரகசியம் இல்லை. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம்வரை போன விஷயம். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கைக்காகச் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1995-இல், ஒளிபரப்பு உரிமை பற்றிய ஒரு வழக்கில் அதே நீதிமன்றம்தான் அலைவரிசை பொதுச்சொத்து என்றது. ஆறும் பொது, அலையும் பொது. இரண்டுக்கும் நடுவில் என் மவுஸ். 2025 ஜனவரி 30-இல் நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்குத் திரும்பவேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்கவேண்டும் என்றது.

இப்போது படத்துக்கு வருகிறேன். ‘காற்றின் மொழி’ கேட்கும் கேள்வி: ஒரு குடும்பப் பெண் ராத்திரியில் மைக் முன்னால் பேசலாமா? நல்ல கேள்வி, நேர்மையாகவும் கேட்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போனில் இருப்பவர் எவ்வளவு பேசலாம் என்று அது கேட்பதில்லை. படத்தில் கூப்பிடுகிறவர்களுக்குத் தனிமை இருக்கிறது, சபலம் இருக்கிறது, துக்கம் இருக்கிறது. எல்லாம் ஒரு அன்பான குரலால் ஆற்றிவிடக் கூடியவை. அன்பால் ஆற்ற முடியாத ஒரு குறையோடு, போரில் வரும் தண்ணீர் மாதிரி ஒன்றோடு, யாரும் கூப்பிடுவதில்லை. நிஜ வானொலியும் அப்படித்தான் ஒலிக்கிறது. அந்த விதத்தில் படம் எங்களைத் துல்லியமாகவே காட்டிவிட்டது, தெரியாமல்.

ஒரு வாரம் கழித்து அந்த அக்கா மறுபடி கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். “அண்ணா, அன்னிக்கு நான் பேசனதுல பாதியக் காணமே?” என்றார், கோபமில்லாமல். டைம் பத்தலக்கா என்றேன். “சரிண்ணா.” அதற்குப் பிறகும் அடிக்கடி பேசினார். பெயர், ஊர், பாட்டு. முப்பது நொடியில் முடித்துவிடுவார். அவருடைய பேச்சில் வெட்டுவதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.