பின்னுரையும் முடிவும்: ஃபார்ஸ்டர், ஹைஸ்மித் புதினங்களை முன்வைத்து

நூல் தோன்றிய வரலாற்றை நூலாசிரியனே உரைத்தல் தமிழ்ப் பாயிர மரபில் இயல்பன்று. சிறப்புப்பாயிரம் உரைத்தற்கு உரியவராக நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரையே நன்னூல் சுட்டுகிறது. பாயிரச் செய்திகளோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துரைப்பார் உளர் எனவும் அது கூறும். இக்காலப் புதின ஆசிரியர்கள் தம் நூல்களுக்குத் தாமே எழுதும் பின்னுரைகள் பெரும்பாலும் இம்மூன்றையே பொருளாகக் கொள்கின்றன. தன்பாலீர்ப்புக் காதலைப் பாடுபொருளாகக் கொண்ட இரு ஆங்கிலப் புதினங்களின் பின்னுரைகளை இந்நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

நூல்களும் பின்னுரைகளும்

ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913, 1914ஆம் ஆண்டுகளில் எழுதிய புதினம் ‘மாரிஸ்’. கேம்பிரிட்ஜில் பயின்ற மாரிஸ், தன்னைக் காதலித்துப் பின் விலகி மணம் புரிந்துகொண்ட கிளைவை இழந்து, அவனது பண்ணையின் வேட்டைக் காவலனான அலெக்கோடு வாழ்வை அமைத்துக்கொள்கிறான். இதற்கான பின்னுரையை ஃபார்ஸ்டர் 1960 செப்டம்பரில் எழுதினார். நூல் அவர் மறைவுக்குப் பின் 1971இல் வெளிவந்தது.

அமெரிக்க எழுத்தாளர் பேட்ரிசியா ஹைஸ்மித் ‘உப்பின் விலை’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு புதினத்தைக் கிளேர் மார்கன் என்னும் புனைபெயரில் 1952இல் வெளியிட்டார். கடையொன்றின் விற்பனைப் பெண்ணான தெரீஸ், மணமுறிவை எதிர்நோக்கும் கரோல் ஆகியோரின் காதலே இதன் பொருள். 1990இல் ‘கரோல்’ என்னும் தலைப்பில் அவர் சொந்தப் பெயரோடு இது மறுபதிப்புப் பெற்றபோது, 1989இல் அவர் எழுதிய பின்னுரை இணைக்கப்பட்டது.

களம்

இரு பின்னுரைகளும் நூலின் பிறப்பை ஒரு கணத்தில் நிறுத்துகின்றன. ஃபார்ஸ்டர் குறிப்பிடும் களம் எட்வர்ட் கார்ப்பெண்டரின் மில்த்தார்ப் இல்லம். கார்ப்பெண்டர் தமிழறிஞர்க்கு முற்றிலும் புதியவர் அல்லர். இலங்கையின் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு நண்பராக விளங்கியவர்; தமிழ் ஞானி ஒருவரைக் கண்டு பழகியதை 1892இல் வெளிவந்த தம் பயண நூலில் விரிவாக எழுதியவர். அவருடைய வாழ்க்கைத் துணைவர் ஜார்ஜ் மெரில் தம் இடுப்பின் பின்புறத்தை மெல்லத் தொட்டதாகவும், அத்தீண்டலிலிருந்தே கதை முழுதும் எழுந்ததாகவும் ஃபார்ஸ்டர் கூறுகிறார். ஹைஸ்மித் குறிப்பிடும் களம் நியூயார்க்கின் பெருங்கடை ஒன்றின் பொம்மைப் பிரிவு. 1948இன் இறுதியில் அங்குத் தற்காலிகப் பணியிலிருந்தபோது, விலையுயர்ந்த மேலாடை அணிந்து வந்த பெண்ணொருத்தியைக் கண்டதும், அன்று மாலையே ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கதையமைப்பை எழுதி முடித்ததும் அவரால் விவரிக்கப்படுகின்றன.

தீண்டலும் காட்சியும் காதற்கதைக்குரிய தொடக்கங்கள். எனவே பின்னுரைகளும் ஒருவகையில் காதற்கதைகளாகவே கட்டமைக்கப்பட்டுள்ளன எனலாம். ஆயின் இவற்றை முழு உண்மையாகக் கொள்ள இயலாது. கதை முழுதும் விரைந்து எழுந்தது எனக் கூறும் ஃபார்ஸ்டரே, அலெக் பாத்திரம் வளர்ந்து மேலும் இடம் வேண்டியதால் பின்னர்ப் பல பகுதிகள் சேர்க்கப்பட்டதையும் ஒப்புக்கொள்கிறார். கிளைவ்மீது தமக்கு எரிச்சல் ஏற்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. ஹைஸ்மித்தோ கரோலின் குழந்தை பற்றிய வழக்கின் மூலத்தைப் பின்னுரையில் கூறவில்லை. அவருக்கு நெருக்கமாக இருந்த பெண்ணொருவரின் வாழ்க்கை அதற்கு அடிப்படையானதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர்.

காரணம்

நூற்பிறப்பின் கணத்தைவிட முதன்மையானது முடிவு பற்றிய செய்தி. காதலர் இருவரும் இணைந்து வாழ்வதாகவே கதை முடிதல் வேண்டும் என்பதில் ஃபார்ஸ்டர் உறுதியாக இருந்தார். அதனாலேயே நூல் வெளியிட அரியதாயிற்று. அவலத்தில் முடித்திருந்தால் தடை இருந்திராது என அவர் குறிப்பிடுகிறார். தம் நூலுக்கு முன் அமெரிக்கப் புதினங்களில் இத்தகைய மாந்தர் தற்கொலையாலோ மனமாற்றத்தாலோ விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது ஹைஸ்மித்தின் கூற்று. இங்கு முடிவு என்பது கதைப்பின்னலின் ஓர் உறுப்பாக மட்டும் நில்லாமல், சட்டமும் சமூகமும் விதித்த தீர்ப்புக்கு எதிராக ஆசிரியர் வழங்கும் மறுதீர்ப்பாகவும் அமைகிறது.

எனினும் ‘மகிழ்ச்சியான முடிவு’ என இப்பின்னுரைகள் சுட்டுவதை நூலோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். கரோல் தன் மகளை இழந்தே தெரீஸை அடைகிறாள். மாரிஸ் தன் வகுப்பையும் தொழிலையும் துறக்கிறான். அலெக் அர்ஜென்டினா செல்லும் கப்பலைத் துறக்கிறான். ஆக, விலை கொடுக்கப்படவே செய்கிறது. ஆயின் அது காதலை ஒழிப்பதற்கான தண்டனையாக இல்லாமல், காதலோடு வாழ்வதற்கான விலையாக மாறியுள்ளது. இவ்வேறுபாடே இரு நூல்களின் சாதனை. பின்னுரைகள் இதனை விளக்காமல் விடுகின்றன.

காலம்

‘மாரிஸ்’ எழுதி முடிக்கப்பட்டதற்கும் பின்னுரைக்கும் இடையே 46 ஆண்டுகள். ஹைஸ்மித் நூல் வெளிவந்ததற்கும் பின்னுரைக்கும் இடையே 37 ஆண்டுகள். இடைக்காலம் பின்னுரையின் பார்வையை மாற்றுகிறது. காதலர் மறைந்து வாழ்வதற்குரிய காடு இங்கிலாந்தில் இனி இல்லை என 1960இல் ஃபார்ஸ்டர் உணர்கிறார். இருவரையும் மரம் வெட்டுவோராகக் காட்டிய முடிவுரைப் பகுதியை அவர் முன்னரே நீக்கியிருந்தார். முடிவை விடாது காத்தவரே அம்முடிவுக்குரிய நிலம் அழிந்ததை அறிவிக்கிறார்.

உல்ஃபெண்டன் குழுவின் 1957ஆம் ஆண்டுப் பரிந்துரை சட்டமாகாதவரை நூல் கையெழுத்துப்படியாகவே இருக்கும் எனப் பின்னுரை கூறுகிறது. அச்சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல் நிறைவேறியது. ஃபார்ஸ்டர் 1970 ஜூனில் மறைந்தார். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அவர் நூலை வெளியிடவில்லை. பின்னுரை கூறும் காரணம் உண்மையானது. ஆயின் முழுமையானதன்று என்பதற்கு இதுவே சான்று.

நிறைவுரை

பின்னுரைகள் நூலுக்கு உரையாகா. அவையும் உரை வேண்டிநிற்கும் பனுவல்களே. ஆசிரியர் கூறும் களத்தைக் காட்டிலும் அவர் காத்து நின்ற முடிவே படைப்பின் உண்மையான தோற்றுவாயைக் காட்டுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு முன்னும் பின்னும் இந்திய மொழிகளில் எழுந்த இத்தகைய படைப்புகளையும், அவற்றின் ஆசிரியர் கூற்றுகளையும் ஆராய்வோர், கதை எங்குப் பிறந்தது என்பதோடு நில்லாமல், எம்முடிவை எழுத இயலாதிருந்தது என்றும் வினவுதல் வேண்டும்.