சரியா என்று கேட்காதீர்கள்

‘ராமன் தான் ஜெயிச்சேன்னு சொன்னான்.’ இதைக் கேட்டதும், ஜெயித்தவன் ராமனே என்று தடையின்றி விளங்கிக்கொள்ளும் தமிழர்கள் உண்டு. எழுவாய் ‘தான்’, வினையோ தன்மை விகுதியில் முடிகிறது. பள்ளி ஆசிரியர் ‘தான் வென்றதாக’ என்று திருத்துவார். மொழியியலாளர் சந்தியா சுந்தரேசன் திருத்தவில்லை. இவ்வகை வாக்கியங்களை ஆராய்ந்து உலக மொழியியல் விவாதத்துக்குள் கொண்டுசேர்த்தார்.

ஒரு வாக்கியத்தை இப்படிச் சொல்லலாமா கூடாதா என்று பேசுபவர் தரும் தீர்ப்பையே சான்றாக வைத்துக் கோட்பாடு எழுப்பும் வழக்கம், 1957இல் மொழியியலாளர் சாம்ஸ்கியின் ‘தொடரமைப்புகள்’ நூல் வந்தபின் வேரூன்றியது. பெரும்பாலும் ஆய்வாளர் தம்மையே கேட்டுக்கொண்டார். கார்சன் ஷூட்சே 1996இல் வெளியிட்ட நூல் இந்தப் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. பின்னர் ஜான் ஸ்ப்ரவுஸும் டியோகோ அல்மேடாவும் ஒரு பாடநூலில் இருந்த 469 ஆங்கிலத் தீர்ப்புகளை 440 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 98 விழுக்காடு நிலைத்தது.

அந்த வெற்றியை நம்பித் தமிழுக்கு அப்படியே வந்துவிட முடியாது. பிரெஞ்சு மொழியே எச்சரிக்கிறது. ‘பின்னர்’ என்ற பொருள்தரும் இணைப்புக்குப் பின் விருப்ப, ஐயப் பொருள்களுக்குரிய வினைவடிவம் வரக்கூடாது என்கிறது பிரெஞ்சு அகாதமி. பேசுபவர்களோ அதை ஏராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களைக் கேட்டால் எந்தப் பிரெஞ்சு பதில் சொல்லும், வீட்டுடையதா, வகுப்பறையுடையதா? தமிழில் இந்தப் பிளவு இன்னும் ஆழம். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. தாளில் அச்சிட்ட வாக்கியத்தை நீட்டினாலே மனம் எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடும்.

ஆகவே தமிழில் இந்தச் சோதனையைக் காதுவழி நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மலேசியாவின் கெடா மாநிலத் தென்கோடியில், கெரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பண்டார் பாரு. அதைச் சுற்றிய ஊர்களிலும் தோட்டங்களிலும் இதைச் செய்யலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள் அங்கே இருப்பார்கள். பள்ளி வாசலையே மிதிக்காத ரப்பர்ப் பால்வெட்டுப் பாட்டிகளும் இருப்பார்கள். எழுத்துத் தமிழின் அழுத்தம் இவர்கள்மேல் ஒரே அளவில் படிந்திருக்காது. வாக்கியங்களை அவ்வட்டாரக் குரலில் பதிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு சிறு கதை: பந்தயம் நடந்தது, ராமன் வந்து சொன்னான். பிறகு ‘ஜெயிச்சேன்னு’ என்ற வடிவம் ஒருவருக்கு, ‘ஜெயிச்சான்னு’ என்பது இன்னொருவருக்கு. ஒரே கதையின் இரு வடிவங்களையும் ஒருவரே கேட்டால் ஒப்பிட்டுத் திருத்தத் தொடங்கிவிடுவார். கேள்வியும் ‘இது சரியா?’ என்றிருக்கக்கூடாது, ‘உங்க வீட்ல இப்படிப் பேசுவாங்களா?’ என்றிருக்க வேண்டும். ‘யார் ஜெயிச்சா?’ என்றும் கேட்டாக வேண்டும். ஏற்பது வேறு, புரிந்துகொண்ட பொருள் வேறு.

எவரும் பேசாத வாக்கியங்களையும் நடுவே கலந்து வைக்க வேண்டும். வீடு தேடி வந்தவர் மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்கய்யா’ சொல்பவர்களின் பதிலை அப்போதுதான் இனம்காண முடியும்.