லே மின்பாதை: உயரத்தைப் பேசினோம், ஹீட்டரை மறந்தோம்

ஸ்ரீநகர்–லே 220 கிலோவோல்ட் மின்பாதை பற்றிக் கிடைத்த கட்டுரைகளை வரிசையாக வாசித்தேன். சுமார் 335 கி.மீ. நீளம், ஜோஜிலா கணவாய், ட்ராஸ், கார்கில், கல்ட்சி, லே என நாலு ஜிஐஎஸ் துணைமின் நிலையங்கள், 2019 பிப்ரவரி 3-இல் திறப்பு. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் நான் வாசித்தவை எல்லாம் உயரத்தோடும் பனியோடும் நின்றுவிடுகின்றன. கட்டி முடித்தபின் இது குளிரில் எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

உயரம் ஒருமுறை தீர்க்கிற பிரச்சினை. காற்று மெலிந்தால் அதன் காப்புத்திறன் குறையும். 3500 மீட்டருக்கு ஐஈசி சூத்திரத்தைப் போட்டால் வெளிக்காப்பு ஏறக்குறைய 1.36 மடங்கு வேண்டும் என்று வரும். இடைவெளியைக் கூட்டிக் கட்டிவிட்டால் முடிந்தது.

குளிர் அப்படியில்லை. தாம்பரத்து மே மாத வெயிலில் இருக்கிற நமக்கு, குளிர் நல்லதுதானே என்று தோன்றும். கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஓரளவு நல்லதுதான். சிக்கல் பிரேக்கரில். அதற்குள் இருக்கும் எஸ்எஃப்6 வாயுவை 20 டிகிரியில் 6 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால், மைனஸ் 30 வாக்கில் அது திரவமாகத் தொடங்கும். மிச்ச வாயுவின் அடர்த்தி குறையும். அடர்த்தியைக் கண்காணிக்கும் கருவி முதலில் அலாரம் அடிக்கும், பிறகு பிரேக்கரைப் பூட்டிவிடும். பழுது வந்தாலும் அது திறக்காது.

ட்ராஸில் மைனஸ் 20-க்குக் கீழே போவது சாதாரணம். கனடா போன்ற இடங்களில் தொட்டியைச் சுற்றி ஹீட்டர் வைக்கிறார்கள், அல்லது நைட்ரஜன், சிஎஃப்4 கலக்கிறார்கள். கலந்தால் மின்வில்லை அணைக்கும் திறன் குறையும். இன்னொரு வழி, எல்லாவற்றையும் கட்டடத்துக்குள் வைத்துச் சூடாக்குவது.

சாஃப்ட்வேர்காரனுக்கு இங்கேதான் உறுத்துகிறது. பிரேக்கருக்கு ஹீட்டர் வேணும், ஹீட்டருக்குக் கரண்ட் வேணும், கரண்ட் பிரேக்கர் வழியாகத்தான் வரணும். நீண்ட மின்தடைக்குப் பிறகு இந்த வட்டத்தை உடைக்க நிலையத்திலேயே ஒரு தனி மூலம் வேண்டும். பேட்டரியும் குளிரில் சுணங்கும். மிஞ்சுவது டீசல் ஜெனரேட்டர்.

‘லடாக்கில் டீசல் யுகம் முடிந்தது’ என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு பத்தி எழுதணும். ஊருக்கு டீசல் குறைந்தது உண்மை. ஆனால் ஜனவரி ராத்திரியில் லைன் போனால், அது திரும்பி வருவது அந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆவதைப் பொறுத்தது. அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள்? நான் வாசிக்க விரும்பும் கட்டுரை அதைப் பற்றியது.