எஞ்சினைப் பார்த்த கண் ரயிலைப் பார்த்ததா?

பிரிட்டனில் மாதிரி ரயில் செய்பவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் தண்டவாளம் அகலத்தில் தவறானது. அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எஞ்சின், வேகன், நிலையக் கட்டடம் எல்லாவற்றையும் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில், அதாவது நிஜத்தில் 76-ல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். தண்டவாளத்தின் இடைவெளி மட்டும் 16.5 மி.மீ. அதே கணக்கில் பெருக்கினால் 1,257 மி.மீ. வருகிறது, உண்மையான பாதையோ 1,435 மி.மீ. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் அகன்ற உடலும் ஒடுங்கிய கால்களுமாக எஞ்சின் தெரியும்.

‘டபுள் ஓ’ என்ற இந்த அளவு பிறந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பிற நாடுகளில் 87-ல் ஒரு பங்கு என்ற அளவும் 16.5 மி.மீ. தண்டவாளமும் பொருத்தமாக அமைந்தன. பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை என்பதால் அந்நாட்டு எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து மோட்டார், 87-ல் ஒரு பங்காகச் சுருங்கிய அந்த உடலுக்குள் அடங்கவில்லை. எனவே உடலைச் சற்றுப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மோட்டார் சிறுத்துப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்தச் சமரசம் நிற்கிறது. கடைகளில் விற்கும் அத்தனையும் அதற்கேற்பவே செய்யப்பட்டுவிட்டன.

இது உறுத்தியவர்கள் முதலில் 18 மி.மீ.க்குப் போனார்கள். இந்த அளவுக்கான ‘இ.எம். கேஜ்’ சங்கம் 1955-ல் தொடங்கியது. 1960-களில் இன்னொரு குழு 18.83 மி.மீ. என்று துல்லியத்தின் கடைசிப் படிக்கே போனது. சக்கரத்தின் தடிப்பு, அதன் உள்விளிம்பான ஃபிளாஞ்சின் ஆழம், பாதை பிரியும் பாயிண்ட்டில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள சந்து என எல்லாமே நிஜத்தின் நேர்ச் சுருக்கம். ‘ஃபைன்ஸ்கேல்’ என்று அழைக்கப்படும் இந்த நுணுக்க மரபின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. அதன் பார்வை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்ற குறையும் இருக்கிறது.

மதிப்பு எதனால் என்பதை முதலில் சொல்ல வேண்டும். துல்லியம் வெறும் தோற்றத்துக்காக என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். செய்து பார்ப்பவருக்கு அது எஞ்சினுக்குள் நுழையும் வழி. ஃபிளாஞ்ச் மெலிந்தவுடன், கடையில் வாங்கிய எஞ்சின் பொறுத்துக்கொண்ட மேடுபள்ளத்தை இந்தச் சக்கரம் பொறுத்துக்கொள்ளாது, தடம் புரண்டுவிடும். அப்போது ஒவ்வோர் அச்சுக்கும் ஸ்பிரிங் வைக்க வேண்டும், அல்லது இரண்டு அச்சுகளை ஒரு நெம்புகோலால் இணைத்துப் பாரத்தைப் பகிர வேண்டும். நிஜ எஞ்சினின் அடிச்சட்டத்தில் அந்த ஸ்பிரிங்குகளும் நெம்புகோல்களும் ஏன் இருக்கின்றன என்பது விரல் வழியாகப் புரியும் தருணம் அது. இடப்பக்கக் கிராங்க்குக்கும் வலப்பக்கக் கிராங்க்குக்கும் 90 பாகை வித்தியாசம் வேண்டும் என்று புத்தகத்தில் படிக்கலாம். இணைப்புத் தண்டுகளை மாட்டிவிட்டு, கோணம் துளி பிசகியதால் சக்கரம் பாதிச் சுற்றில் இறுகி நிற்பதைக் கண்டவருக்கு அது மறக்காது. ஆவி எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் மீண்டும் கிளம்ப முடிவதற்கு அந்தக் கோணம்தான் காரணம் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

இந்த மரபு வளர்த்த கண்ணும் சாதாரணமானதல்ல. கொதிகலனின் பக்கத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் ஒன்றேகால் அங்குலத் தடிமன் என்றால் மாதிரியில் அது 0.42 மி.மீ. பழைய பிளாஸ்டிக் எஞ்சின்களில் அதை உடலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். புடைத்த தழும்பு போலத் தெரியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசித் துளையிட்டு, சின்னக் குமிழ்களில் மெல்லிய கம்பியைக் கோத்தால் எஞ்சினின் முகமே மாறிவிடும். கம்பிக்கும் கொதிகலனுக்கும் நடுவே விழும் அந்த இழை நிழல்தான் காரணம்.

இங்கேயே நுணுக்கம் தடம் மாறவும் தொடங்குகிறது. ரிவெட்டைப் பாருங்கள். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டின் பின்புறம் பாதி ஆழத்துக்குச் சிறு குழிகள் இருக்கும். கூர்முனையால் அழுத்தினால் முன்புறம் ஒவ்வொன்றாகப் புடைக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கும், வரிசையும் சரியாக இருக்கும். ஆனால் 20 மி.மீ. அகலமுள்ள ரிவெட் தலை 76-ல் ஒரு பங்காகும்போது 0.26 மி.மீ. வண்ணம் பூசிய பின் அது கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். பல மாதிரிகளிலோ ரிவெட் துருத்திக்கொண்டு நிற்கிறது. உழைத்துச் செய்தது தெரியாமல் போகக் கூடாது என்ற ஆசை. வேகனுக்குத் துருவேற்றுவதிலும் இந்த ஆசையைக் காண்கிறேன். எல்லா வேகனுக்கும் நீர்த்த பழுப்பு வண்ணத்தில் ஒரே பூச்சு. மரப்பலகை துருப்பிடிக்காது, வண்ணம் போன பலகை சாம்பல் நிறமாகும், இரும்புப் பட்டைகளிலிருந்து மட்டுமே துருநீர் கோடாக வழியும். எஃகு வேகனிலோ முதலில் துருவேறுவது உட்புறம். கொட்டிக் கொட்டி அள்ளும் நிலக்கரி அங்கேதான் வண்ணத்தை உரசித் தின்கிறது. பழைய புகைப்படத்தைப் பார்க்காமல் இன்னொரு மாதிரியைப் பார்த்துச் செய்தால் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே பழுப்பில் மறைந்துவிடும்.

ஆனால் என் பெரிய குறை இதுவல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட 16 டன் எஃகு நிலக்கரி வேகனின் பக்கவாட்டில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. மாதிரி செய்பவர் அதன் அகலம், சாய்வு, அழுக்கு எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிடுவார். அந்தப் பட்டை ஏன் இருந்தது? வேகனைத் தூக்கிச் சாய்த்து நிலக்கரியைக் கொட்டும் இடத்தில் நிற்கும் தொழிலாளிக்கு, எந்த முனையில் திறக்கும் கதவு இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வதற்காக. அது ஒரு தகவல். மாதிரித் தளத்தில் அந்த வேகன்கள் எந்த முனை எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லாமல் கோக்கப்பட்டு வட்டமிடுகின்றன.

எஞ்சினின் முன் விளக்குகளும் அப்படித்தான். இரண்டு பஃபர்களுக்கும் மேலே ஒவ்வொரு விளக்கு என்றால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கியின் கீழே ஒற்றை விளக்கு என்றால் நின்று நின்று போகும் பயணிகள் வண்டி. சிக்னல் அறையில் இருந்தவருக்கு வரும் வண்டி எந்த வகை என்று அது சொன்னது. வண்டியின் கடைசியில் ஒரு வால்விளக்கு. அதைக் கண்டால்தான் வண்டி முழுதாகக் கடந்துவிட்டது, நடுவில் அறுந்து ஒரு பகுதி பாதையில் நிற்கவில்லை என்று அவர் நிம்மதியாக அடுத்த வண்டிக்கு வழிவிடுவார். அற்புதமாகச் செய்த எஞ்சின் எக்ஸ்பிரஸ் விளக்கைச் சுமந்துகொண்டு நிலக்கரி வேகன்களை இழுத்துப் போவதும், கடைசியில் போகும் கார்டின் பிரேக் வேனில் வால்விளக்கே இல்லாமல் இருப்பதும் கண்காட்சிகளில் சர்வசாதாரணம். ஒரு ரிவெட் குறைந்தால் சுட்டிக்காட்டும் கண்கள் இதை விட்டுவிடுகின்றன.

எஞ்சினின் மேல் தெரிந்த ஒவ்வொரு நுணுக்கமும் வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட சேதி, அல்லது அவர்கள் கை பட்டுத் தேய்ந்த தடம். சேதியின் வடிவத்தை மட்டும் படியெடுத்துவிட்டு, அது யாருக்கு எதைச் சொன்னது என்பதை விட்டுவிட்டால் கிடைப்பது எஞ்சினின் உருவப்படம். ரயில்வே அதில் இருக்காது.

இதற்கு எதிர்ச்சான்று ஒரு பாதிரியாரின் வீட்டில் இருந்தது. பீட்டர் டெனி கட்டிய ‘பக்கிங்ஹாம்’ தளம், கிரேட் சென்ட்ரல் ரயில்வேயின் கற்பனைக் கிளைப்பாதை ஒன்றை 1907-ஆம் ஆண்டில் வைத்துக் காட்டுகிறது. அவர் செய்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் இன்றைய நுணுக்கக்காரர் அருகில் வைத்துப் பார்த்தால் கரடுமுரடு என்பார். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அங்கே வண்டிகள் கால அட்டவணைப்படி ஓடின. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு மணியடித்து, பதில் மணி வந்த பிறகே வண்டி கிளம்பியது. மறுமுனையில் மகன் கிறிஸ்பின் செய்துவந்த வேலையைச் செய்ய டெனி ஓர் இயந்திரத்தையே கட்டினார்; அதற்கு ‘ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்’ என்று பெயர். மணிச் சேதியை வாங்கிப் பதில் மணியடிப்பது அதன் பணி. ரிவெட்டில் செலவழித்திருக்கக்கூடிய உழைப்பை, இரண்டு நிலையங்களுக்கு நடுவே நடக்கும் உரையாடலில் செலவழித்தவர் அவர். பக்கிங்ஹாமை நான் இந்தக் கலையின் முதல் வரிசையில் வைப்பது இதனால்தான்.

நுணுக்கத்தின் தரப்பில் நின்று வாதாட வேண்டுமானால், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே லாங் விட்டனம் கிராமத்திலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தைவிட வலுவான சாட்சி இல்லை. 1954-ல் அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்தவர். ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ என்ற பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த குடிசைகள் கண்ணெதிரே மாறுவதையும் மறைவதையும் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக அளந்து 76-ல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். 1930-களின் அந்த நிலப்பரப்பு, பல கைகள் சேர்ந்து, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நுணுக்கம் ஆவணமாகிறது. ஒரு குடிசையின் செங்கல் அடுக்கும் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியும் அங்கே எஞ்சினுக்குச் சமமான கவனம் பெறுகின்றன; ரயில் அந்த நிலத்தைக் கடந்து போகும் ஒன்று மட்டுமே. பெண்டனும் 18 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகிறது, 18.83-க்குப் போகவில்லை. அங்கே நிற்கும் யாருக்கும் அந்த 0.83 மி.மீ. குறையாகத் தெரிவதில்லை.

சில குறைகள் கலைஞரின் கையை மீறியவை. அளவைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. நீளத்தை 76-ல் ஒரு பங்காக்கினால் ஊசலாட்டம் சுமார் ஒன்பது மடங்கு வேகமாகிவிடும். அதனால் நிஜ வேகன் மெல்லத் தள்ளாடும் இடத்தில் மாதிரி வேகன் வெடவெடக்கிறது. மனிதப் பொம்மைகளிலும் ஒரு சங்கடம்: வண்டி நகர, ஓடும் பாவனையில் ஒரு காலைத் தூக்கிய ஆள் நாள் முழுவதும் அப்படியே நிற்பான். தேர்ந்தவர்கள் சாய்ந்து நிற்பவர், பெஞ்சில் அமர்ந்தவர், பேசிக்கொண்டிருப்பவர் என்று அசையாத வேளைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். எளிய முடிவு, ஆனால் தளத்தின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கையைக் காப்பாற்றிவிடுகிறது.

கடந்த கால் நூற்றாண்டில் நிலைமையே மாறிவிட்டது. உற்பத்தி சீனாவுக்குப் போன பிறகு, கடையில் வாங்கும் எஞ்சினிலேயே தனிக் கம்பிக் கைப்பிடியும் நுண்ணிய எழுத்தும் ஒலியும் வந்துவிட்டன. முன்பு ஒரு குளிர்காலம் முழுக்க ஈயம் பற்றவைத்து அடைந்ததை இன்று பெட்டியைத் திறந்ததும் அடையலாம். பணம் மட்டும் வேண்டும், அதுவும் கொஞ்சமல்ல. கைத்திறன் அழிகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. செய்யாமல் வாங்கியவருக்கு அந்த 90 பாகைக் கோணத்தைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வராது. ஆனால் எஞ்சினைச் சரியாகச் செய்யவே ஆயுள் போதவில்லை என்று ஒரு தலைமுறை சொன்ன காரணம் இப்போது இல்லை. மிச்சமாகும் நேரத்தை விளக்குக்கும் மணிக்கும் கால அட்டவணைக்கும் கொடுத்திருக்கலாம். பெரும்பாலும் அது இன்னொரு எஞ்சின் வாங்குவதில் போகிறது. நிஜக் கிளைப்பாதையில் நாள் முழுதும் ஒன்றிரண்டு எஞ்சின்களே வந்துபோன இடத்தில், அலமாரி நிறைய எஞ்சின்கள் காத்திருக்கின்றன.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இந்திய அகலப்பாதையை 87-ல் ஒரு பங்கில் செய்ய விரும்புபவர் டபுள் ஓ-காரரைவிட மோசமான சிக்கலில் இருக்கிறார். 1,676 மி.மீ. பாதைக்கு 19.26 மி.மீ. வேண்டும், கடையில் இருப்பது 16.5. ஆனால் எழும்பூரிலிருந்து தெற்கே விரிந்திருந்த பழைய மீட்டர்கேஜைச் செய்பவருக்குத் தேவை 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. வித்தியாசம் ஐந்து விழுக்காடுகூட இல்லை. பிரிட்டனில் பல பத்தாண்டுகளைத் தின்ற அகலச் சண்டை இங்கே தேவையே இல்லை.

அப்படி யாராவது தொடங்கினால், ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் ஆவி எஞ்சினின் வரைபடத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒற்றைப் பாதையில் வண்டி நுழைய அனுமதியான டோக்கன் எப்படிக் கைமாறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நிற்காமல் போகும் வண்டிக்கு டோக்கன் வளையத்தை யார் எங்கே நின்று நீட்டினார்கள், எதிர்வண்டிக்கு எந்த நிலையத்தில் காத்திருந்தார்கள், சரக்கு வேகனை எப்போது கழற்றி எந்தப் பக்கப் பாதையில் தள்ளினார்கள், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் கேட்கட்டும். பித்தளைத் தகட்டில் ரிவெட் அழுத்துவதை அதற்குப் பிறகும் செய்யலாம். வரைபடம் காகிதத்தில் காத்திருக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற டிரைவர்களுக்கும் கேபின்மேன்களுக்கும் வயதாகிவிட்டது.