காசும் காணிக்கையும்: விவிலிய மொழியாக்கங்களில் பொருள்பற்றிய சொற்கள் – கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தை முன்வைத்து

பொருளை ஈட்டல், பேணல், ஈதல் ஆகியவைபற்றிக் கிறித்தவர் கொள்ளும் கருத்துகள் பெரும்பாலும் நற்செய்தி நூல்களின் சில உவமைகளையே அடியாகக் கொண்டவை. அவற்றைத் தமிழர் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிகின்றனர். எனவே, மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்த சொல்லின் சாயல், பணம்பற்றிய அறத்தின் சாயலாகவும் படிப்போர் உள்ளத்தில் படிந்துவிடுகின்றது. இவ்வுண்மையை மூன்று சொல்லாட்சிகளின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வாய்வுக்குப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறை பொருத்தமான களமாகும். இங்குத் தமிழ் வீட்டுமொழி, மலையாளம் ஆட்சிமொழி. இம்மாவட்டத்து இலத்தீன் கத்தோலிக்கர், 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பெற்ற சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தைச் சார்ந்தவர். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதல், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம், கேரளக் கத்தோலிக்கத் திருச்சபையின் 1981ஆம் ஆண்டு மலையாள விவிலியம் ஆகிய மூன்றும் இருமொழி வழங்கும் இத்தகைய எல்லைப்பகுதியில் ஒருவர் காதிலேயே விழக்கூடியவை.

1. மாமோன், உலகப்பொருள், செல்வம்

கடவுளுக்கும் பணத்துக்கும் ஒருசேரப் பணிசெய்ய இயலாது என்னும் அறிவுரையில் வரும் அரமேயச் சொல் 'மாமோனா' என்பது. கிரேக்க நற்செய்தியாளர் இதனை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே வைத்தனர். மலையாள விவிலியமும் 'மாமோன்' என்றே கொண்டது. இதனால் பணம், கடவுளுக்கு எதிர்நின்று வழிபாடு கேட்கும் ஓர் ஆளாகத் தோன்றுகின்றது.

பழைய தமிழ்த் திருப்புதல் இதனை 'உலகப்பொருள்' என்றது. அறம், பொருள், இன்பம் என்னும் வைப்புமுறையில் பொருள் பழிக்கப்படுவதன்று. திருக்குறள் 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. எனவே 'உலக' என்னும் அடை இன்றியமையாததாயிற்று. பொருள் தீதன்று, உலகோடு ஒடுங்கிவிடும் பொருட்பற்றே தீது என்னும் வேறுபாட்டை அவ்வடை காக்கின்றது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'செல்வம்' என எளிமையாக்கியது. தெளிவு மிகுந்தது, ஆயினும் கல்விச் செல்வம், மக்கட்செல்வம் எனத் தமிழில் வாழ்த்தாகவே வழங்கும் சொல் கடவுளுக்கு எதிர்ச்சொல்லாக நிற்கும்போது எச்சரிக்கையின் கூர்மை மழுங்குகின்றது. மலையாளத்தில் 'மாமோன்' எனக் கேட்டுப் பழகிய எல்லைத் தமிழர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

2. உக்கிராணக்காரன், வீட்டுப் பொறுப்பாளர், காரியஸ்தன்

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் உவமை, பொருள் மேலாண்மைபற்றிய கிறித்தவப் போதனைக்கு அடிப்படையாகக் காட்டப்படுவது. பழைய திருப்புதலின் 'உக்கிராணக்காரன்' அருமையான சொல்லாட்சி. கோயில், அரண்மனை, திருமண வீடு ஆகியவற்றின் பண்டசாலையே உக்கிராணம். அதன் திறவுகோலை வைத்திருப்பவர் பண்டத்துக்கு உரியவர் அல்லர். குவித்து வைப்பதும் அவர் பணியன்று. வேண்டுவோர்க்கு அளந்து கொடுப்பதே பணி. 'வீட்டுப் பொறுப்பாளர்' என்னும் புதிய தொடர் எளிதாயினும், அளந்து கொடுக்கும் கையை மறைத்துவிடுகின்றது.

மலையாள விவிலியத்தின் 'காரியஸ்தன்' வேறொரு வாயிலைத் திறக்கின்றது. கேரள நிலவுடைமை வரலாற்றில் காரியஸ்தன் என்பவர் ஜன்மியின் சார்பில் குடியானவரிடம் பாட்டம் பெற்றவர். நிலச்சீர்திருத்தச் சட்டத்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து குடிவார முறையை ஒழிக்கும்வரை உழவரின் கடன் அவர் ஏட்டில் இருந்தது. உவமையின் நிகழ்ச்சியும் அத்தகையதே. 100 குடம் எண்ணெய்க் கடன் 50 ஆகவும், 100 கலம் கோதுமைக் கடன் 80 ஆகவும் குறைத்து எழுதப்படுகின்றன. அதிகாரி நேர்மையற்றவன், ஆயினும் கதையில் எசமானன் மெச்சுவது கடன்பட்டோர் சுமையைக் குறைத்த அவனுடைய முன்மதியையே. சேமிப்பு, வரவுசெலவுக் கணக்கு ஆகியவற்றுக்கு மட்டும் இவ்வுவமையைச் சான்றாக்குவோர் இப்பகுதியைக் கடந்து செல்கின்றனர். கடன் வாங்கிப் பயிரிடும் வட்டாரத்தில் இது சிறிய விடுபாடு அன்று.

3. துட்டும் கொதிராந்தும்

ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசின் மதிப்பைப் பழைய திருப்புதல் 'துட்டு' என்கின்றது. டச்சு வணிகரின் செப்புக்காசிலிருந்து வந்து தென்தமிழகத்தில் வேரூன்றிய சொல் இது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'கொதிராந்து' என உரோமானிய நாணயப் பெயரையே தந்தது. அத்தகைய 64 காசுகள் ஒரு தெனாரியம்; ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. வரலாற்று நோக்கில் பின்னது செம்மையானது. எனினும், துட்டு என்றதும் முந்தானை முடிச்சு நினைவுக்கு வருவதுபோல் கொதிராந்து என்றதும் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. கொடையை அளக்கும் அளவுகோல் தொகையன்று, கொடுத்தபின் எஞ்சியிருப்பதே என்னும் கருத்துக்கு அக்காசின் சிறுமை கண்முன் நிற்றல் வேண்டும்.

4. விதையும் விளைவும்

காணிக்கையை விதையாகவும் செல்வத்தை அதன் விளைச்சலாகவும் விளக்கும் செழிப்புப் போதனை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது. கொரிந்தியர்க்குப் பவுல் எழுதிய இரண்டாம் திருமுகத்தின் விதைப்பு உருவகத்தை அது துணைக்கழைக்கின்றது. ஆனால் அப்பகுதி எருசலேமின் வறியோர்க்கு நிதி திரட்டும் வேண்டுகோள். முந்தைய அதிகாரம் கூறும் நோக்கம் மிகுந்திருப்போர்க்கும் குறைந்திருப்போர்க்கும் இடையே சமநிலை. இக்கருத்து, தமிழர் ஒப்புரவு என்பதற்கு அண்மையது. வட்டிக்கு இடும் முதலீட்டுக்கு அண்மையதன்று.

சித்தூரின் கிழக்குப்பகுதி மழை குறைந்தது. விதைத்ததெல்லாம் விளையாது என்பதை அங்குள்ள உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் (1970) மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீரை வரையறுத்தது. விளைச்சல் விதையை மட்டுமன்றிப் பங்கீட்டையும் பொறுத்தது என்பதற்கு அக்கால்வாய்களே சான்று.

முடிவுரை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'நீதிநூல்' (1859) வாயிலாகக் கிறித்தவர் ஒருவர் பொருளறத்தைத் தமிழ் மரபின் சொற்களாலேயே உரைக்க இயலும் எனக் காட்டினார். விவிலிய மொழியாக்கங்களுள் ஒன்று மட்டும் நிறைவானது எனல் இயலாது. 'உக்கிராணக்காரன்' கொடுக்கும் கையையும், 'காரியஸ்தன்' கடனேட்டையும், 'மாமோன்' பணத்தின் ஆட்சியையும் காட்டுகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே கேட்கும் வாய்ப்பு எல்லைப்பகுதி மக்களுக்கு உண்டு. மறையுரை செய்வோரும் மறைக்கல்வி நூல் எழுதுவோரும் இவ்விருமொழி வளத்தைப் பயன்கொள்வாராயின், காணிக்கை மிகுதியான வரவுக்கு வழி என்னும் மயக்கம் நீங்கி, பிறர் சுமையைக் குறைக்கும் செயலாக ஈகை விளங்கும்.